திரை இல்லாத பெட்டியில் ஓபன்பிஎஸ்டி: முதல்முறை நிறுவுகிறவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் என் மச்சானுக்கு ஒரு ஜவுளிக் கடை இருக்கிறது. பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா டிவிஆர், துணி எடுக்க வருகிறவர்கள் கேட்கும் வைஃபை, எல்லாம் ஒரே ரவுட்டரில் தொங்கிக்கொண்டிருந்தன. "பில் மிஷினையாவது தனியாப் பிரிச்சுக் குடு மச்சான்" என்றான். அதற்காக வியாசர்பாடிக் காயலான் கடை ஒன்றில் பிடித்த பெட்டிதான் இது: பிசி எஞ்சின்ஸ் ஏபியூ2. டிபன் பாக்ஸ் அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. உள்ளே 1 கிகாஹெர்ட்ஸ் ஏஎம்டி சிப், மூன்று நெட்வொர்க் போர்ட், ஒரு எம்சாட்டா எஸ்எஸ்டி. இதைச் செய்த சுவிட்சர்லாந்துக் கம்பெனி 2023-ல் கடையைக் கட்டுவதாக அறிவித்துவிட்டது. பழசாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரே சிக்கல், இதில் மானிட்டர் மாட்ட இடமே கிடையாது. பின்பக்கம் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் ஒன்று உண்டு. அதில் லேப்டாப்பை இணைத்து, அது வழியாகத்தான் பேச வேண்டும்.

இதில் போடப்போவது ஓபன்பிஎஸ்டி, விண்டோஸ் போல ஓர் இயங்குதளம். ஏன் அது? தியோ டி ராட் 1995-ல் தொடங்கிய இந்தத் திட்டம் பாதுகாப்பையே முதல் வேலையாக வைத்திருக்கிறது. உலகம் முழுக்க சர்வர்களில் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்ஹெச் இங்கே பிறந்ததுதான். வேண்டாத நெட்வொர்க் போக்குவரத்தைத் தடுக்கும் பிஎஃப் என்ற ஃபயர்வால் கூடவே வரும். அவசியமில்லாத சேவை எதுவும் தானாக ஓடாது. எனக்கு அது போதும்.

கேபிள்தான் பாதி வேலை

உங்கள் லேப்டாப்பில் சீரியல் போர்ட் இருக்காது. யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று, நல்-மோடம் கேபிள் ஒன்று, இரண்டும் வாங்குங்கள். பெயரைக் கவனியுங்கள். சாதாரண நேர்-கேபிளும் பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும். நல்-மோடத்தில் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் உள்ளே குறுக்காக மாறியிருக்கும். நேர்-கேபிள் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் கத்தும், கேட்க ஆள் இருக்காது. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கொடுத்ததை நம்பி ஒரு சாயங்காலம் முழுக்கக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு முனையிலும் துளை இருக்கிற, நல்-மோடம் என்று எழுதிய கேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

கடலோரக் காற்றில் பழைய போர்ட் ஊசிகள் களிம்பு பிடித்திருக்கும். செருகும் முன் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள்.

விண்டோஸில் புட்டியை (சீரியல் வழியாகப் பேச உதவும் மென்பொருள்) திறந்து, சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, வேகத்தை 115200 என்று மாற்றுங்கள். புட்டி தானாக 9600 என்று வைத்திருக்கும். ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம்.

பென் டிரைவ்

ஓபன்பிஎஸ்டி தளத்தில் ஏஎம்டி64 பகுதியில் 'இன்ஸ்டால்' என்று தொடங்கி ஐஎம்ஜி என்று முடியும் கோப்பை இறக்குங்கள். இறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ256 எண்ணை (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) பக்கத்திலேயே இருக்கும் எஸ்ஹெச்ஏ256 கோப்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள், சோம்பல்படாதீர்கள். ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். சும்மா காப்பி-பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது.

பூட் வரியில் ஐந்து நொடி

பென் டிரைவைச் செருகி, பெட்டிக்கு 12 வோல்ட் கொடுங்கள். புட்டியில் எழுத்துகள் ஓடும்போது எஃப்10 தட்டினால் (ஃபர்ம்வேர், அதாவது போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள், பழசு என்றால் எஃப்12) பூட் மெனு வரும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

கொஞ்ச நேரத்தில் 'பூட்' என்ற சொல்லும் ஓர் அம்புக்குறியும் வந்து நிற்கும். உங்களுக்கு ஐந்தே நொடி. ஏதாவது ஒரு எழுத்தைத் தட்டினால் காத்திருக்கும். இங்கே கொடுக்க வேண்டிய கட்டளைகள் இரண்டு. உச்சரிப்பில் எழுதுகிறேன், ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்:

எஸ்டிடிஒய் காம்0 115200
செட் டிடிஒய் காம்0

'காம்' என்பது சி-ஓ-எம், பெட்டியின் சீரியல் போர்ட்டைக் குறிக்கும்; அதையடுத்து இருப்பது பூஜ்யம், 'ஓ' அல்ல. இந்த வரிசையும் முக்கியம். இரண்டாவதை முதலில் கொடுத்தால் வேகம் ஒத்துப்போகாமல் திரையில் குப்பை எழுத்துகள் கொட்டும். அப்புறம் வெறும் என்டர்.

இவற்றைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? ஃபர்ம்வேர் தயவில் அதுவரை எழுத்து தெரிந்தது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வந்ததும், இல்லாத மானிட்டரைத் தேடிப் போய் அங்கே பேசத் தொடங்கிவிடும். நமக்கு ஒரு வரியோடு எல்லாம் உறைந்துவிடும். முதல்முறை நான் போர்டே செத்துவிட்டது என்று நினைத்து மூடி வைத்துவிட்டேன்.

கேள்வி பதில்

இனி இன்ஸ்டாலர் கேட்கும், நீங்கள் சொல்வீர்கள். முதலில் ஐ என்று தட்டுங்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு என்டர் போதும். நெட்வொர்க்கில் இஎம்0, இஎம்1, இஎம்2 என்று மூன்று இருக்கும். முகவரி கிடைக்கவில்லை என்றால் கேபிளை அடுத்த போர்ட்டில் மாற்றிப் பாருங்கள். கடவுச்சொல் தட்டும்போது திரையில் நட்சத்திரம்கூட வராது, பயப்பட வேண்டாம். கன்சோலை (பெட்டி நம்மோடு பேசும் இடத்தை) காம்0-க்கு மாற்றவா என்று கேட்டால் ஆமாம். இதனால்தான் அடுத்தமுறை அந்த இரண்டு வரியையும் தட்ட வேண்டியிருக்காது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் எஸ்எஸ்ஹெச் வழியே நுழையலாமா? கூடாது. நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா.

நின்று யோசிக்க வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, எந்த டிஸ்க். எஸ்டி0, எஸ்டி1 என்று இரண்டு தெரியும், அவற்றில் ஒன்று உங்கள் பென் டிரைவ். கேள்விக்குறி தட்டினால் அளவும் பெயரும் காட்டும். இரண்டு, டிஸ்கை மறையாக்கம் செய்யவா என்ற கேள்வி. லேப்டாப் என்றால் கண்டிப்பாகச் செய்வேன். இங்கே வேண்டாம் என்றேன். ஒவ்வொரு முறை கரன்ட் போய் வந்தபின்னும் யாராவது சீரியல் கேபிளோடு போய்க் கடவுச்சொல் தட்ட வேண்டியிருக்கும். மச்சான் என்னைத்தான் கூப்பிடுவான்.

மூன்றாவது, நிறுவ வேண்டிய கோப்புகள் எங்கே என்ற கேள்வி. டிஸ்க் என்று சொன்னால், அது ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருக்கிறதா (படிக்கத் தயாராக இணைக்கப்பட்டிருக்கிறதா) என்று கேட்கும். என்டர் தட்டிவிடாதீர்கள், இல்லை என்று சொல்லிப் பென் டிரைவைக் காட்டுங்கள். கையொப்பக் கோப்பு இல்லையே, சரிபார்க்காமல் தொடரவா என்றும் கேட்கும். முன்பே எண்ணை ஒப்பிட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லலாம்.

முடிவில் கெர்னலை மறுபடி கோக்கிறேன் என்று ஒரு வரி வரும். உள்ளுறுப்புகளின் வரிசையைக் கலைத்து, இந்தப் பெட்டிக்கென்றே ஒரு கெர்னலை அடுக்குகிறது. ஒவ்வொரு பூட்டிலும் அடுத்த முறைக்காக இது நடக்கும். நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்று திருடன் முன்கூட்டியே கணக்குப் போட முடியாது.

ரீபூட் செய்து பென் டிரைவைப் பிடுங்குங்கள். ரூட்டாக நுழைந்து எஃப்டபிள்யூ_அப்டேட் (வன்பொருளுக்கான ஃபர்ம்வேர் கோப்புகளை இறக்கும் கட்டளை), அப்புறம் சிஸ்பேட்ச் (பாதுகாப்புத் திருத்தங்களைப் போடும் கட்டளை), இரண்டையும் ஓட்டி, இன்னொரு ரீபூட். ரூட்டுக்கு தியோவிடமிருந்து ஒரு வரவேற்பு மெயில் வந்திருக்கும், படித்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும், கடைசி இரண்டுக்குத்தான் திருத்தங்கள் கிடைக்கும்.

பெட்டியில் ஃபேன் கிடையாது, சூடு அடித்தகடு வழியாகத்தான் வெளியேறும். துணி மூட்டைக்கு நடுவே சொருகாமல் சுவரில் மாட்டச் சொன்னேன். நல்-மோடம் கேபிளை ரப்பர் பேண்டு போட்டு அதன் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன், மறுபடி பாரிமுனைக்கு அலைய முடியாது.