ஒரே நரம்பில் இரண்டு லூர்: இலகு ட்ரோலிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே தூண்டில் நரம்பில் இரண்டு லூர்களை, அதாவது செயற்கை இரைகளைக் கட்டிப் படகின் பின்னால் இழுத்துச் செல்பவர்களில் பலர், ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் மீன் கிடைக்கும் வாய்ப்பும் இரட்டிப்பாகும் என்ற கணக்கில்தான் தொடங்குகிறார்கள். 50 பவுண்டு, 80 பவுண்டு சுமை தாங்கும் நரம்பு ஏற்றிய கனமான கருவிகள் இந்தக் கணக்கின் பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் சிறிய ஃபைபர் படகுகளில் வஞ்சிரம், ஊளி, பாறை, சூரை ஆகியவற்றைத் தேடிச் செல்பவர்கள் கொண்டுபோகும் 20 பவுண்டு பிரெய்டும் (பின்னல் நரம்பு), இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும் ராடும் (தூண்டில் கோல்), நரம்பு சுற்றும் 4000 அளவு ஸ்பின்னிங் ரீலும் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. இந்த அளவுக் கருவியில் இரண்டு லூர்களில் ஒன்று இழுவையையும் ஆழத்தையும் தீர்மானிக்க வேண்டும். மற்றொன்று அதற்கு இடைஞ்சல் இல்லாமல் உடன் வர வேண்டும். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறப்பதால் நேர்பவை.

முதலாவது தவறு லூர்களைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடந்துவிடுகிறது. முகத்தில் நாக்குத் தகடு உள்ள, சிறுமீன் வடிவ லூர்களான இரண்டு மின்னோக்களை ஒரே நரம்பில் கட்டினால், இரண்டும் ஆழத்துக்கு இறங்க முயன்று, ஒன்றின் அசைவை மற்றது கெடுத்து, ராடையும் தேவையின்றி வளைத்து வைக்கின்றன; மீன் கடிக்கும் முன்பே ரீலின் பிரேக்கான டிராக் நழுவத் தொடங்கிவிடும். முன்னால் போகும் மின்னோவின் வாலிலுள்ள தூண்டில் முள்ளில் இரண்டாவது லூரைக் கட்டுவது இன்னும் மோசமானது, ஏனெனில் வாலைப் பிடித்து இழுத்தபடி இருந்தால் எந்த மின்னோவும் இயல்பாக நீந்தாது. என் தேர்வு எப்போதும் ஒன்றுதான்: நரம்பின் கடைசியில் ஒரு மின்னோ, அதற்கு முன்னால் குட்டையான கிளை நரம்பில் இறகு கட்டிய எடைத் தலை லூரான ஒரு சிறிய ஃபெதர் ஜிக் அல்லது மென்மையான ரப்பர் மீன். கடைசியிலுள்ள மின்னோ நீரைப் பிடித்து நரம்பை விறைப்பாக வைத்திருப்பதால், இலேசான முன் லூர் கிளையில் விலகி நின்று, பின்னால் பெரிய மீன் துரத்தி வரும் ஒரு சிறுமீனைப் போலத் தெரிகிறது. இந்த வரிசையை மாற்றி, கனமானதைக் கிளையிலும் இலேசானதைக் கடைசியிலும் போட்டால், இலேசான லூர் முன்னதைச் சுற்றிக்கொள்வதைப் படகோரத்திலேயே பார்க்கலாம். கனமான ஜிக்கை முன்னால் வைத்து வெற்றி பெறுபவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் இரண்டு ஜிக்குகளை மிக மெதுவாக இழுப்பவர்கள், மின்னோ இழுப்பவர்கள் அல்லர்.

நீளங்களில் நடக்கும் தவறு இரண்டு வகைப்படும். கிளை நரம்பை அரை மீட்டருக்கு மேல் விட்டால் அது தாய் நரம்பைச் சுற்றும். 20 முதல் 30 சென்டிமீட்டர் போதும். கிளைக்கும் கடைசி லூருக்கும் இடையேயான தூரம் கிளையின் நீளத்தைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால்தான் முன் லூரின் முள் பின் லூரை எட்டாது. இதற்காகச் சிலர் அந்த இடைவெளியை இரண்டு, இரண்டரை மீட்டர் வரை நீட்டிவிடுகிறார்கள். கிளை கட்டிய முடிச்சோ, மூன்று நரம்புகளை இணைக்கும் சுழல் வளையமான மூவழி ஸ்விவலோ ராடின் நுனி வளையத்துக்குள் நுழையாது என்பதை அவர்கள் நினைப்பதில்லை. அந்த முடிச்சு நுனியைத் தொட்ட பிறகு ரீலைச் சுற்ற முடியாது. மீனோ இன்னும் இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கும், ராடை எவ்வளவு உயர்த்தினாலும் கைவலைக்கு எட்டாது. ஆகவே இடைவெளி ராடின் நீளத்தைவிடக் கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 1.2 மீட்டர் எனக்குச் சரியாகப் படுகிறது.

கிளையை எதைக்கொண்டு அமைப்பது என்பதில் கடைக்காரர் தரும் முதல் பதில் மூவழி ஸ்விவல்தான். மலிவான மூவழி ஸ்விவல்கள் சுமை ஏறியதும் சுழலாமல் இறுகிவிடுகின்றன. போதாக்குறைக்கு அவற்றின் பளபளப்பை இரையென்று நினைத்து வஞ்சிரம் பாய்ந்து நரம்பையே வெட்டிவிடுகிறது. கறுப்பு நிற ஸ்விவலைத் தேடி வாங்குவது வீண் செலவன்று. ஸ்விவலே வேண்டாமென்றால், பிரெய்டுக்கும் லூருக்கும் இடையே கட்டும் நரம்பான லீடரின் இரண்டு துண்டுகளை இரட்டைச் சர்ஜன் முடிச்சால் இணைத்து, எஞ்சும் முனைகளில் ஒன்றை வெட்டாமல் நீளமாக விட்டு, அதையே கிளையாக்கலாம். அவ்வாறு செய்யும்போது கடைசி லூரை நோக்கிக் கீழே பார்க்கும் முனையைத்தான் கிளையாக வைக்க வேண்டும், ஏனெனில் அது ராடிலிருந்து வரும் மேல் துண்டின் தொடர்ச்சி. ராடை நோக்கி மேலே பார்க்கும் முனையில் பெரிய மீன் மாட்டினால், முடிச்சைப் பிளக்கும் திசையில் இழுவை விழும். மின்னோவை இறுக்கமான முடிச்சால் கட்டாமல், நழுவாத வளைய முடிச்சாலோ திறந்து மூடும் சிறிய கொக்கியான ஸ்னாப்பாலோ கோக்க வேண்டும் என்பது ஒற்றை லூருக்கும் பொருந்தும் விதி. உலோகத் தகடு லூரான ஸ்பூன் போடுவதாக இருந்தால் அதற்கு முன்னால் பால் பேரிங் ஸ்விவல் கட்டாயம் வேண்டும். பிரெய்டில் முறுக்கு ஏறுவது இறுக்கமாக இருக்கும்வரை தெரியாது. நரம்பு தளரும் கணத்தில்தான் சிக்கலாகச் சுருண்டு நிற்கும்.

இனி அதிகம் கவனிக்கப்படாத ஒன்று. 20 பவுண்டு பிரெய்டுக்கு டிராக்கை அதன் வலிமையில் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 2.3 கிலோ என வைத்துவிட்டால் நரம்பு அறாது என்று நாம் நம்புகிறோம். இந்தப் பாதுகாப்பு ரீலுக்கும் கிளைக்கும் இடையிலுள்ள நரம்புக்கு மட்டுமே உண்டு. இரண்டு லூர்களிலும் மீன் மாட்டி, அவை எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போது, இடையிலுள்ள தங்கூசி (நைலான் நரம்பு) முழுச் சுமையையும் தாங்குகிறது. டிராக் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் அங்கே உதவாது. முன் லூரில் மீன் இருக்கும்போது பின் லூர் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) சிக்கினாலும் இதே நிலைதான். எனவே மொத்த அமைப்பில் அந்தத் துண்டே மிக வலுவாக இருக்க வேண்டும்: அதற்கு 40 பவுண்டு தங்கூசி, கிளைக்கு 30 பவுண்டு என்பது ஏற்ற பங்கீடு. முடிச்சின் மேல் துண்டையே கிளையாக விடுகிற முறையில், லீடரின் மேல் பகுதியை 30 பவுண்டிலும் கீழ்ப் பகுதியை 40 பவுண்டிலும் வைத்தால் இது தானாகவே அமைந்துவிடும். வஞ்சிரமும் ஊளியும் மிகுந்த இடத்தில் ஒவ்வொரு லூருக்கும் முன்னால் 15 சென்டிமீட்டர் மெல்லிய ஒற்றைக் கம்பி சேர்க்கலாம். தடித்த கம்பியைச் சிறிய ஜிக்கில் கட்டினால் அது தலை தொங்கி வரும்.

வேகத்தைப் பொறுத்தவரை, இரண்டு லூர்களும் எந்த வேகத்தில் ஒழுங்காக நீந்துகின்றனவோ அந்தப் பொது வேகத்தைப் படகோரத்தில் வைத்துப் பார்த்தே கண்டறிய வேண்டும். சிறிய மின்னோவும் ஜிக்கும் சேர்ந்த அமைப்புக்குப் பெரும்பாலும் மணிக்கு 4 கடல் மைல், அதாவது 4 நாட், என்ற அளவையொட்டியே அது அமைகிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில் அலையோடு போகும்போது படகு தானாக வேகமெடுப்பதால், மின்னோ பக்கவாட்டில் சாய்ந்து மேலே வந்துவிடும். இறக்கும்போது படகு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்க, கடைசி லூரை முதலில் நீரில் விட்டு, அது நரம்பை இழுத்த பிறகே கிளையை விட வேண்டும். படகை நிறுத்தி வைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால் அவை நீருக்குள் பின்னிக்கொண்டுதான் பயணத்தைத் தொடங்கும். திரும்பும்போது வட்டம் பெரிதாக இருக்கட்டும்.

ராடின் நுனி துடித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து எல்லாம் சரியாக இருப்பதாக எண்ணுவதும் ஒரு தவறு. அந்தத் துடிப்பு மின்னோ தருவது. முன்னாலுள்ள ஜிக்கில் கடற்புல் தொங்கினாலும் நுனியில் பெரிய மாற்றம் தெரியாது. புல் மிதக்கும் நாளில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி எடுத்துப் பார்ப்பது அலுப்பான வேலைதான், ஆனால் புல்லை இழுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் டீசல் எரிப்பதைவிட மேல். பாரின் விளிம்பை ஒட்டி ஓட்டும்போதும், மேற்பரப்பில் சூரைக் கூட்டம் பொங்கி நிற்கும்போதும் ஒற்றை லூரே நல்லது. முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்து இழப்போம்; இரண்டாவது இடத்தில் ஒன்றுக்கே மீன் போட்டியிடும்.

மீனைப் படகில் ஏற்றும் கட்டத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பின் லூரில் மாட்டிய வஞ்சிரம் உதறும்போது, கிளையில் வெறுமையாகத் தொங்கும் முள் லீடரைப் பிடித்திருப்பவரின் கையை நோக்கித்தான் வரும். அதனால் கிளையில் மூன்று முனை முள் வேண்டவே வேண்டாம்; ஒற்றை முள்ளை, அதுவும் மீன் கழலாமல் தடுக்கும் அதன் எதிர்முனைச் செதிலை நசுக்கிவிட்டு, போட வேண்டும். லீடரைக் கையில் சுற்றிப் பிடிப்பதை எந்த நிலையிலும் செய்யக்கூடாது. இரண்டு மீன்கள் மாட்டியிருந்தால், முன் மீன் உள்ளே வந்ததும் அதன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றத் தொடங்காமல், கிளை நரம்பைக் கத்தியால் வெட்டிவிட்டு, நரம்பு தளராதபடி படகை மெல்ல முன்னோக்கி ஓட்டிக்கொண்டே பின் மீனைக் கொண்டுவர வேண்டும். வெட்டிய கிளைக்கு மாற்றாக, லூரோடு கட்டி முடித்த இன்னொரு லீடரை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால், ஆடும் படகில் உட்கார்ந்து முடிச்சுப் போட வேண்டியிராது.