ஆர்டிஎஃப் கிராஃப்ப எக்ஸ்எம்எல்லா எழுதும்போது கவனிக்க வேண்டியது

ஆர்டிஎஃப் கிராஃப்னா, தகவலை 'பொருள், ப்ராப்பர்ட்டி, மதிப்பு'னு சின்னச் சின்ன வாக்கியமா கோத்து வைக்கிறது. அத பைத்தான்ல ஆர்டிஎஃப்லிப்ங்கிற லைப்ரரி வச்சு சீரியலைஸ் பண்றப்போ (அதாவது ஃபைலா எழுதறப்போ) ஃபார்மட்டுக்கு வெறும் எக்ஸ்எம்எல்னு கொடுத்தா எல்லாமே தட்டையா டிஸ்கிரிப்ஷன்ங்கிற எலிமென்ட்டாவே (டேக்) வரும், ப்ரிட்டி-எக்ஸ்எம்எல்னு கொடுங்க, டைப் பேரே எலிமென்ட் பேரா வரும், உள்ளுக்குள்ள நெஸ்ட்டும் ஆகும். நெஸ்டிங் ரொம்ப ஆழமா போனா மேக்ஸ் டெப்த்ங்கிற செட்டிங்க குறைங்க, டீஃபால்ட் 3.

ப்ரீஃபிக்ஸ்தான், அதாவது நீளமான யூஆர்ஐக்கு (வெப் அட்ரஸ் மாதிரியான அடையாளம்) வைக்கிற சுருக்கப் பேருதான் முக்கியம். முன்னாடியே பைண்ட் பண்ணலன்னா என்எஸ்1, என்எஸ்2னு அதுவே பேர் வச்சுடும், படிக்கவே முடியாது.

இன்னொன்னு, ப்ராப்பர்ட்டி யூஆர்ஐ சாய்கோட்டுலயோ, கடைசி சாய்கோட்டுக்கு அப்புறம் வெறும் நம்பராவோ முடிஞ்சா எக்ஸ்எம்எல்லா எழுதவே முடியாது, ஏன்னா ப்ராப்பர்ட்டி இங்க எலிமென்ட் பேரா மாறணும், எலிமென்ட் பேரு நம்பர்ல ஆரம்பிக்கக்கூடாது. நான் இதுல ஒரு நாள் முழுக்க மாட்டிக்கிட்டேன், அதனால வொக்காபுலரி (ப்ராப்பர்ட்டி, டைப் பேருங்களோட தொகுப்பு) டிசைன் பண்ணும்போதே பாத்துக்கோங்க. மாத்த முடியலன்னா டர்ட்டில்ங்கிற இன்னொரு ஃபார்மட்ல எழுதுங்க, அதுல ஃபுல் யூஆர்ஐயே போடலாம்.

ஒரே கிராஃப்ப பல வடிவத்துல எழுதலாம், அர்த்தம் ஒன்னுதான். அதனால ரெண்டு ஃபைல டெக்ஸ்ட்டா கம்பேர் பண்ணாதீங்க, திரும்ப பார்ஸ் பண்ணி ரெண்டு கிராஃபும் ஒன்னான்னு பாக்குற ஐசோமார்ஃபிக் ஃபங்ஷன் வச்சு செக் பண்ணுங்க.