ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சிறு பிள்ளைகளுடன் சைக்கிள் பயணம்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை

சிங்கப்பூரில் சிறு பிள்ளைகளோடு முதன்முறையாகச் சைக்கிளில் புறப்படும் குடும்பத்துக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவை விடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பது என் கருத்து. கடலை ஒட்டி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளும் இந்தப் பூங்கா, கடலைத் தூர்த்து மீட்ட நிலத்தில் அமைந்திருப்பதால், பிள்ளைகளைத் திணறடிக்கும் மேடுகள் இல்லை. பெரும்பாலான இடங்களில் சைக்கிள் பாதையும் நடைபாதையும் தனித்தனியே செல்கின்றன. வாடகைச் சைக்கிள் கடைகளும் கழிப்பறைகளும் போதிய அளவில் உள்ளன. இருந்தும், எத்தனை கிலோமீட்டர் போவது என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பிள்ளையை அதற்குள் அடக்கப் பார்ப்பவர்களே அதிகம். பிள்ளை எதில் உட்காரும், அதன் தலையும் காலும் எப்படிப் பாதுகாக்கப்படும், அதற்கு வண்டியை நிறுத்தத் தெரியுமா ஆகியவற்றை முதலில் தீர்த்துக்கொண்டு, தூரத்தைக் கடைசியில் பார்ப்பதே முறை.

படி 1: பிள்ளை எதில் உட்காரும்?

ஒரு வயது நிறையாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். தலைக்கவசத்தின் எடையையும் பாதையின் அதிர்வையும் தாங்கும் வலு அந்தக் கழுத்துக்கு வந்திருக்காது. அதற்கு மேற்பட்ட, தானாக நிமிர்ந்து உட்காரும் குழந்தையைப் பெரியவரின் வண்டியில் பொருத்தப்பட்ட இருக்கையில் உட்கார வைக்கலாம். பின்பக்க இருக்கைகள் பொதுவாக 22 கிலோ வரையிலும், ஹேண்டில்பாருக்குப் பின்னால் பொருத்தும் முன்பக்க இருக்கைகள் 15 கிலோ வரையிலும் தாங்கும்படி செய்யப்படுகின்றன. இருக்கையின் அடியில் அச்சிட்டிருக்கும் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் சொந்தமாக ஓட்டலாம். வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது வயதை விட உயரத்தைப் பார்க்க வேண்டும். இருக்கையில் உட்கார்ந்த நிலையில் இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று பெரிய வண்டியை எடுத்துக் கொடுப்பது சட்டைக்குச் சரியாக இருக்கலாம், சைக்கிளுக்கு ஆகாது. பக்கவாட்டுச் சிறு சக்கரங்கள் பொருத்திய வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வளைவில் உடலைச் சாய்த்துத் திரும்பும் பழக்கத்தை அவை கற்றுத்தருவதில்லை. பெடல் இல்லாத, காலால் உந்தி ஓட்டும் பேலன்ஸ் பைக்கில் இரண்டு மூன்று வயதிலேயே பழகிய பிள்ளைகள் பெடல் வண்டிக்கு மிக எளிதாக மாறிவிடுகிறார்கள்.

படி 2: தலைக்கவசம்

சிங்கப்பூரில் சாலையில் சைக்கிள் ஓட்டுபவருக்குத்தான் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். பூங்காப் பாதையில் கட்டாயமில்லை. ஆனால் கீழே விழும் தலைக்குச் சாலையும் பூங்காவும் ஒன்றுதான் என்பதால், பிள்ளை மட்டுமன்றிப் பெரியவர்களும் அணிய வேண்டும். அப்பா அணியாததைப் பிள்ளை நெடுநேரம் அணிந்திருக்காது.

புருவத்துக்கு மேல் பிள்ளையின் இரண்டு விரல் அகலம் விட்டு, நெற்றியை மூடியவாறு கவசம் நேராக இருக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறதென்று பின்னுக்குத் தள்ளி அணிவித்தால் நெற்றி திறந்து கிடக்கும். இருபுற வார்களும் காது மடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் நுழைந்தால் போதும். மாட்டிய பிறகு பிள்ளையை இல்லை, இல்லை என்று தலையாட்டச் சொல்லுங்கள்; கவசம் நகர்ந்தால் பின்புறத் திருகை இறுக்குங்கள். விளையாட்டுத் திடலில் ஏறுவதற்கு முன் இதை மறக்காமல் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் ஏணிக் கம்பிகளுக்கிடையில் கவசம் சிக்கினால் வார் கழுத்தை நெரித்துவிடும்.

படி 3: வண்டியைச் சோதித்தல்

வாடகைக் கடையில் கூட்டம் இருந்தாலும் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிள்ளையின் விரல்கள் பிரேக் கைப்பிடியை எட்டுகின்றனவா, அதை இழுக்கும் வலு அந்தக் கைக்கு இருக்கிறதா என்று பிள்ளையையே இழுக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கையால் இழுத்துப் பார்ப்பதில் பயனில்லை. டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காற்றைச் சரிபாருங்கள்.

பின்பக்க இருக்கையில் நான் மிகக் கவனமாகப் பார்ப்பது பாதம் வைக்கும் இடத்தைத்தான். பிள்ளையின் குதிகால் சக்கரத்துக்குள் போய்க் கம்பிகளுக்கிடையே சிக்குவது இத்தகைய பயணங்களில் நேரும் மோசமான காயங்களுள் ஒன்று. தோல் கிழிவதோடு எலும்பும் முறியக்கூடும். ஆகவே சக்கரத்தின் பக்கம் முழுவதையும் மறைக்கும் தடுப்பும், பாதத்தைக் கட்டிவைக்கும் வாரும் இல்லாத வண்டியை வாங்காமல் வேறு கேளுங்கள். அடுத்து, உங்கள் இருக்கையின் அடியில் சுருள் கம்பிகள் இருந்தால், நீங்கள் உட்கார்ந்து எழும்போது அவற்றுக்கிடையே பிள்ளையின் விரல் நசுங்கும். அவ்விடம் மூடப்பட்டிருக்க வேண்டும். துப்பட்டா, நீளமான பை வார், ஷூ நாடா எதுவும் தொங்கக் கூடாது. செருப்புக்குப் பதிலாகக் குதிகாலை மூடும் ஷூ அணிவியுங்கள்.

பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது வழக்கம்போல் காலைப் பின்புறமாகத் தூக்கிப் போட்டு ஏற முடியாது, கால் பிள்ளையின் முகத்தில் படும். எனவே குறுக்குக் கம்பி தாழ்வாக உள்ள வண்டியே நல்லது. பிள்ளையை ஏற்றும்போது இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டாண்டை நம்பிப் பிள்ளையை இருக்கையில் விட்டுவிட்டு ஒரு நொடிகூட விலகக் கூடாது. சொந்த வண்டியாக இருந்தால், இருக்கையில் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டி ஓட்டிப் பழகுங்கள். திரும்பும்போதும் நிற்கும்போதும் வண்டி பக்கவாட்டில் இழுப்பதை முதலில் அரிசியோடு அறிந்துகொள்வது உத்தமம்.

படி 4: நிற்கக் கற்பித்தல்

சொந்தமாக ஓட்டும் பிள்ளைக்குப் பாதையில் இறங்கும் முன், ஆளில்லாத ஓரிடத்தில் நிறுத்தும் பயிற்சி கொடுங்கள். “நில்” என்றதும் பெடலை விட்டு, இரு பிரேக்குகளையும் சேர்த்து மெல்ல அழுத்தி, காலை ஊன்ற வேண்டும். பல பிள்ளைகள் பயந்தவுடன் பிரேக்கை மறந்து ஷூவைத் தரையில் தேய்க்கின்றன. அந்தப் பழக்கம் போகும் வரை பயிற்சி தொடரட்டும். “நில்”, “இடது”, “மெதுவாக” ஆகிய சொற்களே போதும். பின்னாலிருந்து நீளமாகச் சொன்னால் பிள்ளை என்னவென்று கேட்கத் திரும்பிப் பார்க்கும், அதோடு வண்டியும் திரும்பிவிடும்.

படி 5: நேரமும் தூரமும்

இங்கே ஏறத்தாழ ஏழு மணிக்குச் சூரியன் உதிக்கிறது. எட்டு மணிக்குள் ஓட்டத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். ஞாயிறு மாலையில் பாதை நெரிசலாக இருக்கும் என்பதால், பிள்ளையின் முதல் பயணத்துக்கு அந்த வேளை வேண்டாம். 2024-இல் திறக்கப்பட்ட மரின் பரேட், சிக்லாப் போன்ற எம்ஆர்டி ரயில் நிலையங்களிலிருந்து பூங்காவுக்கு நடந்தே வந்துவிடலாம். மடக்க முடியாத சைக்கிளை ரயிலில் கொண்டுவர அனுமதியில்லை என்பதால், கார் இல்லாதவர்களுக்கு வாடகை வண்டியே வசதி.

சொந்தமாக ஓட்டும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு, போகவும் வரவுமாகச் சேர்த்து நான்கைந்து கிலோமீட்டர் முதல் நாளுக்குப் போதும். மரின் கோவ் விளையாட்டுத் திடல், ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையம், பெடோக் ஜெட்டி ஆகியவை மேற்கிலிருந்து கிழக்காக அமைந்திருக்கின்றன. இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் இலக்காகக் கொள்ளுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று வீசும் காலத்தில் கிழக்கே சாங்கி பக்கமாக முதலில் செல்வது நல்லது; தெம்பு இருக்கும்போது எதிர்காற்றில் போய், களைத்த பின் காற்று முதுகில் தள்ளத் திரும்பலாம்.

படி 6: பாதையில் செல்லும் ஒழுங்கு

இருவர் இருந்தால் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும், பிள்ளை நடுவிலும் செல்ல வேண்டும். பெரியவர் ஒருவரே என்றால் பிள்ளை முன்னால் போகட்டும். நீங்கள் சற்றுப் பின்னே, வலப்புறம் தள்ளி வாருங்கள். அப்போது முந்திச் செல்பவர்களுக்கும் பிள்ளைக்கும் இடையே நீங்கள் இருப்பீர்கள். எப்போதும் இடப்புறம்தான். சைக்கிள் பாதையின் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். பந்தயச் சைக்கிள் ஓட்டுபவர்கள் அந்த வேகத்தில் கடந்து போகும்போது பிள்ளை மிரளும் என்பதால் அதனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சைக்கிள் பாதையை ஒட்டி, நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட பாதையில் 2025 ஜூலை 1 முதல் சைக்கிள் ஓட்டுவது குற்றம் என்பதால், தரையிலுள்ள குறியீடுகளைப் பிள்ளைக்கும் காட்டிக் கொடுங்கள். பாதையின் குறுக்கே வாகனங்கள் வரும் கார் நிறுத்துமிட நுழைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்க வேண்டும்.

பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை தாகத்தைச் சொல்லாது. தூங்கி விழுந்தால் தலை தொங்கும், அப்போது இறக்கி மடியில் வைத்துக்கொள்வதே சரி. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல், கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

படி 7: திரும்பிய பின்

வாடகை வண்டியை ஒப்படைக்கும் முன், இருக்கைப் பையில் தண்ணீர்ப் புட்டியும் தொப்பியும் கிடக்கின்றனவா என்று பாருங்கள். சொந்த வண்டி என்றால் அன்றே ஈரத்துணியால் மணலைத் துடைத்து, சங்கிலி உலர்ந்த பின் சில துளி எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி, மிஞ்சிய எண்ணெயை ஒற்றி எடுங்கள். கடற்காற்றின் உப்பை அப்படியே விட்டால் அடுத்த வாரத்துக்குள் துரு ஏறத் தொடங்கிவிடும்.