புதிய பவளப்பாறைத் தொட்டியில் டிரிடாக்னா என்னும் ராட்சதச் சிப்பியை எப்போது விடலாம்?

தொட்டி தெளிவாகத் தெரிவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகிவிட்டால் மீனுக்குப் போதும், ஆனால் தன் மேலோட்டினை நாள்தோறும் வளர்க்கும் சிப்பிக்கு நிலையான நீர் வேண்டும். ஆறு மாதமாவது, இயன்றால் ஓராண்டு பொறுப்பது நல்லது என்பது என் கருத்து.

மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரே நேரத்தில் சோதித்துக் குறித்து வாருங்கள்: காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 அளவில் ஏறி இறங்காமல் நிற்க வேண்டும். காரத்தன்மை நாள்தோறும் ஒரே அளவில் செலவாகி, அதை நீங்கள் ஈடுசெய்யும் அளவும் மாறாதிருந்தால் அது நல்ல அறிகுறி. நைட்ரேட் அறவே இல்லாத நீரும் ஆகாது; சிப்பியின் மேலாடையில் (ஓட்டுக்கு வெளியே விரியும் சதைமடிப்பில்) வாழும் பாசிகளுக்கு அதுவும் உணவு. அப்பாசிகளே ஒளியைக் கொண்டு சிப்பிக்கும் உணவளிப்பதால் வலுவான விளக்கு இன்றியமையாதது.

முதல் சிப்பியாக, மாக்சிமா, குரோசியா ஆகிய டிரிடாக்னா இனங்களைவிடத் தாக்குப்பிடிக்கும் டெராசா இனத்தையே, பண்ணையில் வளர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். கையின் நிழல் பட்டதும் மேலாடையைச் சட்டென உள்ளிழுக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஓட்டின் அடியில் அரிசிமணி போன்ற வெள்ளை நத்தைகள் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள், அவை சிப்பியின் உடற்சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணிகள்.