உறுப்பு தானம்: அட்டை எடுத்த கையோடு வீட்டிலும் சொல்லிவிடுங்கள்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த என் பெரியப்பா கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த அட்டை டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் இருந்தது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்திருக்க வேண்டிய கண்கள். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

படி 1: பதிவு செய்யுங்கள்

18 வயது நிறைந்திருந்தால் போதும். நோட்டோ (தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பு) இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து, மொபைலுக்கு வரும் ஓடிபியைப் போட்டு, எந்தெந்த உறுப்புகள், திசுக்கள் என்று குறித்தால் வேலை முடிந்தது. சந்தேகமிருந்தால் 1800 11 4770 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். காகிதத்தில் எழுதுவதானால் படிவம் 7. அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவராவது நெருங்கிய உறவாக இருக்க வேண்டும்.

படி 2: வீட்டில் சொல்லுங்கள்

நீங்கள் பதிவு செய்திருந்தாலும், இறப்பு நேரத்தில் குடும்பத்தார் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் உறுப்புகளை எடுப்பார்கள். ஆகஸ்ட் 3 இந்திய உறுப்பு தான நாள். பெரும்பாலும் ஆடிப் பதினெட்டும் அதே நாளில்தான் வரும். மேட்டூருக்குக் குடும்பத்தோடு போய்க் காவிரியில் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரும்போது பேச்செடுங்கள்.

"ஏஞ்சாமி, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?" என்று அம்மா கோபித்துக்கொள்வார். என் அம்மாவும் அப்படித்தான் கேட்டார். விட்டுவிடாதீர்கள். உடலை மரியாதையாகத் தைத்துக் கொடுப்பார்கள், சடங்கு எதுவும் தடைபடாது, உறுப்பெடுக்கும் செலவு குடும்பத்தின் தலையில் விழாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். 2023 முதல் தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

படி 3: மூளைச்சாவைப் புரியவையுங்கள்

"நெஞ்சு துடிக்குதே, எப்படிச் செத்ததாச் சொல்றீங்க?" குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மூளைத்தண்டு செத்துவிட்டால் சொந்த மூச்சு கிடையாது. வென்டிலேட்டர் தரும் பிராணவாயுவில்தான் இதயம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடுகிறது. இது கோமா இல்லை, இதிலிருந்து யாரும் மீள்வதில்லை. குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, மருத்துவர் குழு சான்றளித்த பிறகே முடிவு சொல்வார்கள். 2008-இல் விபத்தில் சிக்கிய திருக்கழுக்குன்றம் ஹிதேந்திரனின் பெற்றோர், அவர்களே மருத்துவர்கள், இந்த நிலையில்தான் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். தமிழகமே அதன் பிறகுதான் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

படி 4: கண்ணுக்கு மூளைச்சாவு தேவையில்லை

வீட்டில் இயற்கையாக இறந்தவரின் கண்களையும் கொடுக்கலாம். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை அறுவை செய்தவர் யாரும் விலக்கல்ல. உடனே கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்துங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள், கண் வங்கிக் குழு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

எங்கள் வீட்டில் கண் வங்கி எண்ணை இப்போது தினசரி காலண்டர் அட்டையில், கேஸ் புக்கிங் எண்ணுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறோம். எழுதியது அம்மாதான்.