சுல்தான் வேறு, கலீபா வேறு: அடிக்கடி நடக்கும் தவறுகள்

போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் யூடியூப் வீடியோக்களிலும் சுல்தானையும், நபிகளுக்குப் பின் முஸ்லிம் சமூகத்தின் தலைவராகக் கருதப்பட்ட கலீபாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். வரலாறு படிக்கிற பிள்ளைகளை இந்தத் தவறுதான் அதிகம் திசைதிருப்புகிறது.

அரபியில் 'சுல்தான்' முதலில் ஆளைக் குறித்த சொல்லே அல்ல. அதிகாரம், வலிமை, சான்று என்பவைதான் அதன் பொருள். குர்ஆனிலும் அப்படித்தான் வருகிறது. எனவே நபிகள் காலத்திலிருந்தே முஸ்லிம் அரசர்களுக்கு இந்தப் பட்டம் இருந்தது என்று எழுதாதீர்கள். அது பட்டமாக வேரூன்றியது 11-ஆம் நூற்றாண்டில். 1055-இல் பாக்தாதுக்குள் நுழைந்த செல்ஜுக் துருக்கியர் தலைவர் துக்ரில் பெக்கை கலீபா அல்-காயிம் சுல்தானாக ஏற்றுக்கொண்டார். படையும் வரியும் சுல்தான் கையில், அவருக்கு அங்கீகாரம் தரும் உரிமை கலீபாவிடம். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

தில்லியையே எடுத்துக்கொள்வோம். தில்லி சுல்தான் இல்துமிஷ் 1229-இல் பாக்தாத் கலீபாவிடமிருந்து அங்கீகாரம் பெற்றார். 1258-இல் மங்கோலியர் பாக்தாதைப் பிடித்து கலீபா முஸ்தஃசிமைக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தில்லி நாணயங்களில் அவர் பெயரைத்தான் பொறித்தார்கள்! கலீபாவின் பெயர் இல்லாமல் நாணயம் அடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சுல்தான் பட்டம் எதைச் சார்ந்து நின்றது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

துருக்கியில் ஒரே குடும்பத்திடம் இரண்டு பதவிகளும் இருந்தன. அதனால் இரண்டும் ஒன்றாக ஒழிந்தன என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் சுல்தான் பதவி 1922 நவம்பர் 1 அன்றே போய்விட்டது. அதன்பின் இரண்டாம் அப்துல்மஜீத் கலீபாவாக மட்டும் இருந்தார். 1924 மார்ச் 3 அன்று அதுவும் முடிந்தது. கலீபா பதவியைக் காக்க இந்தியாவில் நடந்த கிலாபத் இயக்கம் பற்றி எழுதுபவர்கள் இந்த இடைவெளியைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அக்பரை சுல்தான் என்று எழுதுவதும் சரியில்லை. முகலாயப் பேரரசர்கள் வைத்துக்கொண்டது பாதுஷா என்ற பாரசீகப் பட்டம்.

அப்புறம், நம் மதுரை. மதுரை சுல்தான்களை தில்லியின் ஆளுநர்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். ஜலாலுத்தீன் அஹ்சன் கான் முதலில் ஆளுநராக இருந்தவர்தான். ஆனால் 1335 வாக்கில் தில்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கை எதிர்த்துத் தனியாட்சி அறிவித்து, தன் பெயரிலேயே நாணயம் வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் அவர் சுல்தான். அவருடைய மகளைத்தான் பயணி இப்னு பதூதா மணந்திருந்தார்.