கொழும்புக்குப் போகிற வன்னி ஆட்கள் மலிவாக எங்கே நிற்கலாம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் கொழும்புக்கு வெளிக்கிடுகிறார் என்றால் பெரும்பாலும் அது ஊர் பார்க்க அல்ல. மஹரகம புற்றுநோய்க் கிளினிக், கண் ஆஸ்பத்திரி, எம்பசி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், மகனை விமானம் ஏற்றுவது என்று ஏதாவது ஒரு தேவை இருக்கும். ஒரு நாளில் முடியும் என்று போன அலுவல் ஒரு கிழமைக்கு இழுபடும். அந்த ஒரு கிழமை வாடகையில், கச்சான் விற்ற காசில் பாதி போய்விடும். அம்மாவின் வைத்தியத்துக்காக நான் விசுவமடுவிலிருந்து வருடக்கணக்காக மஹரகமவுக்குப் போய்வருகிறேன். அதனால் ஊரில் யார் பயணம் வெளிக்கிட்டாலும் "பிள்ளை, அங்க எங்கை நிக்கலாம்?" என்று என்னிடம் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கொழும்புக்குப் போகத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பாஸ்போட்டுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 2025இல் யாழ்ப்பாணத்திலும் திறந்துவிட்டார்கள். இந்திய விசாவுக்கு யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் சான்றிதழ்களை உறுதிப்படுத்த யாழ்ப்பாணக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில்கூட ஒரு பகுதியைத் தெல்லிப்பழையில் செய்ய முடியுமா என்று உங்கள் டொக்டரிடமே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு ஒவ்வொரு மாதமும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போய்வருகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

போகத்தான் வேண்டும் என்றால் இரவுப் பயணமாகப் போங்கள். கிளிநொச்சியில் இரவு ரயில் ஏறினாலும், பரந்தனிலோ மாங்குளத்திலோ இரவு பஸ் பிடித்தாலும் விடியுமுன் கொழும்பில் இறங்கலாம். ஓர் இரவு வாடகை மிச்சம். திரும்பி வரும்போதும் அப்படியே. ஒரு நாள் அலுவல் என்றால் அறையே தேவையில்லாமல் போகலாம். கோட்டை ரயில் நிலையத்தில் பயணப் பைகளைக் காசு கட்டி வைத்துவிட்டுப் போக இடம் இருக்கிறது. முகம் கழுவி உடுப்பு மாற்ற மட்டும் இடம் வேண்டும் என்றால், வெள்ளவத்தையில் சில லொட்ஜுகளில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு அறை தருவார்கள். நோயாளியோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். அவர்களுக்கு இறங்கியவுடன் படுக்க ஓர் இடம் வேண்டும்.

அடுத்தது இடம். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: மலிவான அறையைத் தேடாதீர்கள், அலுவலுக்குக் கிட்டிய அறையைத் தேடுங்கள். கொட்டாஞ்சேனையில் ஆயிரம் ரூபா குறைவு என்று அறை எடுத்துவிட்டு, கீமோ ஏற்றிய அம்மாவைப் பஸ்ஸில் ஏற்ற முடியாமல் மஹரகமவிலிருந்து ஓட்டோ பிடித்தால், மிச்சம் பிடித்த ஆயிரம் போய் மேலதிகமாகவும் போகும். அம்மா படுகிற பாட்டுக்குக் கணக்கே இல்லை.

மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மஹரகமவிலேயே நில்லுங்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் வீட்டுக்காரர்கள் நோயாளிகளுக்கும் துணைக்கு வருகிறவர்களுக்கும் அறை கொடுக்கிறார்கள். பெயர்ப் பலகை போடாத வீடுகளே அதிகம். ஆஸ்பத்திரி வாசலில் உள்ள தேத்தண்ணிக் கடையிலும், மருந்துக் கடையிலும், கிளினிக் வரிசையில் பக்கத்தில் இருக்கிறவரிடமும் கேளுங்கள். வடக்கிலிருந்து வந்து வாட்டில் துணைக்கு நிற்கிற யாராவது அங்கே எப்போதும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது. எந்த வீட்டில் தண்ணீர் ஒழுங்காக வரும், எந்த வீட்டு அம்மா கஞ்சி வைக்க அடுப்பு தருவா என்பது அவர்களுக்குத் தெரியும். அடுப்பு பெரிய விஷயம். வாய் புண்ணாகிக் கடைச் சாப்பாடு இறங்காத ஆளுக்கு, இரண்டு பிடி அரிசி போட்டுக் குழையக் குழைய வைத்த கஞ்சிதான் உணவு. வாடகை இருநூறு முந்நூறு கூட இருந்தாலும் அடுப்பு தருகிற வீட்டையே நான் எடுப்பேன்.

அந்தப் பக்கம் சிங்களம்தான் பேச்சு. பயப்பட வேண்டாம். "காமரயக் தியெனவாத?" என்றால் அறை இருக்கிறதா என்று அர்த்தம். "தவசகட்ட கீயத?" என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு. "லெடெக் இன்னவா", அதாவது நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால் பல வீடுகளில் குரலே மாறிவிடும். அம்மாவுக்கு வெந்நீர் வைத்துத் தந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில்தான் நாங்கள் இப்போதும் நிற்கிறோம். கிழமைக் கணக்கில் நிற்பதென்றால் நாள் வாடகை பேசாதீர்கள். "ஒரு கிழமை நிற்போம், எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று முதலிலேயே கேளுங்கள். நோயாளியை வாட்டில் மறித்தால் துணைக்கு வந்த ஒருவருக்கு மட்டும்தான் படுக்கை தேவை. அப்போது வாடகை குறையுமா என்பதையும் அன்றே பேசி வையுங்கள்.

கண் ஆஸ்பத்திரி, தேசிய ஆஸ்பத்திரி, எம்பசி என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் வசதி. தமிழ் பேசலாம், சைவக் கடை இருக்கிறது, ஊருக்குப் போகும் பஸ்கள் காலி வீதியிலேயே நிற்கும். காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்கப் பஸ்கள் நாள் முழுக்க ஓடும்; நகர மண்டபப் பக்கம் போக 155 இருக்கிறது. ஆனால் காலி வீதியைப் பார்த்த அறைக்கும் கடற்கரைப் பக்க அறைக்கும் கூடக் கேட்பார்கள். வீதியைக் கடந்து உள் ஒழுங்கைகளுக்குப் போனால் மேல் மாடியை அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகள் இருக்கும். தெஹிவளைப் பாலம் தாண்டினால் இன்னும் கொஞ்சம் குறையும். பத்தரமுல்லவில் குடிவரவுத் திணைக்களத்துக்கோ வேலைவாய்ப்புப் பணியகத்துக்கோ போகிறவர்கள் கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பிடிக்கலாம். புறக்கோட்டை, மருதானைப் பக்கத்து மிக மலிவான லொட்ஜுகளைத் தனியாகப் போகும் பெண்களுக்கு நான் சொல்வதில்லை. பெண்கள் தனியாகப் போவதென்றால் ரொட்டுண்டா கார்டன்ஸில் உள்ள வை.டபிள்யூ.சி.ஏ.யில் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். ஊரில் கோயில், சேர்ச் தொடர்புள்ளவர்கள் ஐயரிடமோ பாதரிடமோ ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கொழும்பில் மடமோ விடுதியோ கேட்டுத் தருவார்கள்.

இனி, போன் பண்ணுகிற விதம். "அண்ணை, றூம் இருக்கோ, எவ்வளவு?" என்று கேட்டு வைத்துவிட்டால் போதாது. முக்கியமான கேள்வி, "இருபத்திநாலு மணித்தியாலக் கணக்கோ, பகல் பன்ரெண்டு மணிக் கணக்கோ?" என்பது. இரவு பஸ்ஸில் காலை ஐந்து மணிக்கு இறங்கிப் போய் அறை எடுத்தால், பன்னிரண்டு மணிக் கணக்குக்காரர் அன்று மத்தியானத்தோடு ஒரு நாள் முடிந்தது என்பார். ஏழு மணித்தியாலத்துக்கு முழு வாடகை. இருபத்திநாலு மணிக் கணக்கு என்றால் மறுநாள் காலை ஐந்து மணிவரை அறை உங்களுடையது. இதை மட்டும் கேட்டு எடுத்தாலே ஒரு நாள் வாடகை மிஞ்சும். பிறகு, சொன்ன விலையில் சேர்விஸ் சார்ஜும் வரியும் அடங்குமா என்று கேளுங்கள். கொஞ்சம் பெரிய இடங்களில் பத்து வீதம் சேர்விஸ் சார்ஜ், அதற்கு மேல் பதினெட்டு வீதம் வற் வரி என்று பில்லில் ஏறும். எத்தனையாம் மாடி, லிப்ட் வேலை செய்கிறதா, மூன்றாவது ஆளுக்குப் பாய் தருவீர்களா, அதற்குக் காசா? ஏசி வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏசி உள்ள அறையிலேயே ஏசியை நிறுத்திவைத்து, நொன் ஏசி விலைக்குத் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

தெரியாத இடத்துக்கு முழுக் காசையும் முன்னே அனுப்பாதீர்கள். ஒரு நாள் அட்வான்ஸ் போதும். அனுப்பிய சிட்டையைப் போனில் வைத்திருங்கள். போய் இறங்கியதும் காசு எண்ணுமுன் அறையைப் பாருங்கள். உள் தாழ்ப்பாள் பூட்டுகிறதா, யன்னல் திறக்குமா, பைப்பில் தண்ணீர் வருகிறதா, கொமட் இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கால் நோ உள்ளவர்கள் குந்த முடியாது. மெத்தை விரிப்பைத் தூக்கி ஓரத் தையலைப் பாருங்கள். சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அந்த அறை வேண்டாம், பேச்சே வேண்டாம்.

அடையாள அட்டையின் போட்டோப் பிரதிகள் நாலைந்து கொண்டுபோங்கள். விலாசத்தைப் பதிவார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு இது வெறும் பதிவு அல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் நின்ற 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அந்த நாட்களை நினைத்து இன்றும் லொட்ஜ் என்றால் நெஞ்சு படபடக்கிற வயதானவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அவர்களை லொட்ஜில் விடாமல் வீட்டோடு சேர்ந்த அறையில் வையுங்கள். பதிவதற்கு நீங்களே முன்னால் நின்று அட்டையைக் கொடுங்கள்.

சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு நாள், இரண்டு நாள் நில்லுங்கள். கொழும்பு பிளட்டில் இரண்டு அறைக்குள் நாலு பேர் இருப்பார்கள், காலையில் குளியலறைக்கு வரிசை நிற்கும். வெறுங்கையோடு போகாதீர்கள், ஒடியல், பனங்கிழங்கு, முருங்கைக்காய், ஊர்க்கோழி முட்டை என்று அங்கே கண்ணில் காணாததைக் கொண்டுபோனால் அவர்களும் மகிழ்வார்கள். அலுவல் இழுபடும் என்று தெரிந்தால் அன்றே வெளியில் அறை தேடத் தொடங்குங்கள். உறவு நெடுக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பாவோடு போகிறீர்களா? புக்கிங்.கொம், அகோடா போன்றவற்றில் இடத்தையும் படத்தையும் பாருங்கள். பிறகு நேரே போன் எடுத்துத் தமிழில் பேசி உள்நாட்டு விலையைக் கேளுங்கள். பல இடங்களில் வெளிநாட்டுப் பாஸ்போட்டுக்கு ஒரு விலை, அடையாள அட்டைக்கு ஒரு விலை. யார் யார் நிற்கிறார்கள் என்று மறைக்காமல் சொல்லி விலையை முடித்துவிட்டுப் போங்கள், வாசலில் தகராறு வராது.

விமானம் ஏற்றப் போகிறவர்கள் கொழும்புக்கே போகத் தேவையில்லை. புத்தளம் பாதையால் போகும் பஸ் நீர்கொழும்பு, கட்டுநாயக்கப் பக்கமாகத்தான் போகும். நடத்துநரிடம் முன்பே சொல்லி அங்கே இறங்குங்கள். நீர்கொழும்பில் தமிழ் தெரிந்தவர்கள் நிறைய, அறையும் மலிவு. கொழும்பில் நின்றுகொண்டு விமான நிலையம் போகிறவர்களுக்கு 187 பஸ் இருக்கிறது.

நாளைத் தெரிவு செய்ய முடிந்தால் ஆடிவேல் நாட்களையும், ஜூன் 13ஐ ஒட்டிய கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளையும், வெசாக்கையும், டிசம்பர் விடுமுறையையும் தவிருங்கள். அந்த நாட்களில் அறை கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும்.

அறையை விடும் நாளில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வைத்தியச் செலவுக்கு உதவி கேட்கப் பிரதேச செயலகத்துக்குப் போனால் காட்டலாம். பஸ் இரவுதான் என்றால் பையை மட்டும் அங்கேயே வைத்துவிட்டுப் போகக் கேளுங்கள், பெரும்பாலும் காசில்லாமல் வைத்திருப்பார்கள். பஸ் சீட்டைக் காலையிலேயே புக் பண்ணுங்கள். நோயாளிக்கு முன் பக்க, யன்னலோர சீட் கேட்டு வாங்குங்கள்.